தோட்ட ஓரத்தில் ஓடியது கஞ்சிலா? குட்டியை எடுக்கலாமா?

கேள்வி இது: மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், காட்டைத் தொடும் கடைசி நிரையில், காலை வெளுக்கிற நேரத்தில் பூனை அளவு ஒரு பிராணி குறுக்கே ஓடியிருக்கிறது. குச்சி குச்சியாகக் கால், கொம்பு இல்லை. லயத்துப் பெரியவர்கள் சருகுமான் என்கிறார்கள், இளவட்டங்கள் கஞ்சில் என்கிறார்கள், ஒருவர் காட்டுப்பன்றிக் குட்டி என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் ஒரு குட்டி தனியாகப் படுத்திருந்ததாம். அது என்ன பிராணி, எப்படி வாழ்கிறது, குட்டியை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குட்டி இன்னும் அங்கேயே இருந்தால் தொடாதீர்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம், இது மட்டும் அவசரம். தாய் விட்டுப்போன குட்டி இல்லை அது. தாய் வைத்துவிட்டுப் போன குட்டி. ஏன் அப்படி வைக்கிறது என்பது புரிய, இந்தப் பிராணியின் பிழைப்பே எதில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் பெயர். பெரியவர்கள் சொல்வதும் சரி, இளைஞர்கள் சொல்வதும் சரி. சருகுமான் என்பது நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பெயர். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் சருகுமானுக்கு விலாவில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் வரிசையாக இருக்கும். இங்குள்ளதற்கு விலாவில் புள்ளி கிடையாது, ஒரே பழுப்பு. இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம். சருகுக்குள் சருகாகக் கிடப்பது இரண்டுக்கும் பொதுவான குணம் என்பதால், கடல் தாண்டி வந்த பெயர் இங்கும் பொருந்திக்கொண்டது. மலாய்க்காரர்கள் சிறியதைக் கஞ்சில் என்றும் பெலண்டோக் என்றும், பெரியதை நாப்பு என்றும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும். 1994 முதல் 2009 வரை வந்த பெரோடுவா கஞ்சில் காடி (கார்) இந்தப் பிராணியின் பெயரைத்தான் தாங்கியிருந்தது. சின்ன உடம்பு, சந்து பொந்தில் நுழையும் சாமர்த்தியம் என்று பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

அறிவியல் பெயர் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களில் மலேசியக் கஞ்சிலை 'டிராகுலஸ் ஜாவானிக்கஸ்' என்று எழுதியிருப்பார்கள். 2004-ல் மெய்யார்ட், குரோவ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மண்டையோடுகளையும் தோல் நிறத்தையும் ஒப்பிட்டு, அந்தப் பெயர் ஜாவாத் தீவில் உள்ளதற்கு மட்டுமே உரியது என்று பிரித்தார்கள். தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கும் சிறியது 'டிராகுலஸ் காஞ்சில்', பெரியது 'டிராகுலஸ் நாப்பு'. காஞ்சில் என்ற அறிவியல் பெயரை 1821-ல் வைத்தவர் சிங்கப்பூர் புகழ் ராஃபிள்ஸ்.

அடுத்து பன்றிக் குட்டியா என்ற சந்தேகம். அரை வெளிச்சத்தில் இது எல்லோருக்கும் வரும். பன்றிக் குட்டிக்கு முதுகின் நீளவாக்கில் வெளிர்க் கோடுகள் ஓடும். அது ஒருபோதும் தனியாக வராது, நாலைந்து சேர்ந்து தாயின் பின்னால் உறுமிக்கொண்டு சலசலவென்று வரும். நீங்கள் கண்டது ஒற்றை, சத்தமில்லை, கால் பென்சில் பருமன் என்கிறீர்கள். அது பன்றி இல்லை. கீஜாங் என்ற கேளையாட்டின் குட்டியாக இருக்குமா என்றால், கேளையாடு வளர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல் போகும். அதன் குட்டிக்கே கால் இதைவிட நீளம், உடம்பில் வெள்ளைப் புள்ளியும் இருக்கும். கலவரப்பட்டால் கேளையாடு நாய்போலக் குரைக்கும். கஞ்சில் குரைப்பதே இல்லை.

கஞ்சிலா நாப்பா என்பதுதான் சரியான கேள்வி. கஞ்சில் மூக்கு முதல் வால் அடி வரை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், தோள் உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டர், எடை ஒன்றரை முதல் இரண்டரை கிலோ. ஒரு நாட்டுக்கோழிச் சேவலின் எடைதான். நாப்பு 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 35 சென்டிமீட்டர் உயரம், மூன்றரை கிலோவுக்கு மேல் நாலரை வரை. தனியாக ஒன்று ஓடும்போது அளவை வைத்துச் சொல்வது கஷ்டம். பிடரியைப் பாருங்கள். கஞ்சிலுக்குக் கழுத்தின் பின்பக்கம் நடுவில் கறுத்த பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும், உடம்பு செம்பழுப்பாக ஒரே சீராக இருக்கும். நாப்புவின் மேல்தோல் சாம்பலும் ஆரஞ்சும் கலந்து கரடுமுரடாகத் தெரியும், பிடரிப் பட்டை அவ்வளவு எடுப்பாக இருக்காது. பூனை அளவு என்ற உங்கள் கணக்குப்படி நான் கஞ்சில் பக்கம்தான் சாய்வேன்.

இனி அதைக் கிட்டத்தில் பார்ப்போம். முகம் ஒடுங்கி, மூக்கு முடியில்லாமல் ஈரமாகக் கறுத்திருக்கும். கண் அந்தச் சின்னத் தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. டார்ச் அடித்தால் சட்டென்று மினுங்கும். தொண்டையிலும் மார்பிலும் பழுப்பு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள் கீழ்நோக்கி இறங்கும். தலையை நிமிர்த்தும்போது எதிரே நிற்பவருக்கு முதலில் படுவது அதுதான். வயிறு வெள்ளை, வாலின் அடிப்பக்கமும் வெள்ளை. முதுகு வில்லாக வளைந்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உயர்ந்திருக்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டால் உடம்பு முழுவதும் ஒரு ஆப்பு மாதிரி. பெரணிப் புதருக்குள்ளும் பிரம்புக் கொடிக்குள்ளும் அந்த ஆப்பு எந்த இலையையும் அசைக்காமல் நுழைந்துவிடும். காலில் நான்கு விரல்கள். நடு இரண்டில்தான் நடக்கும், ஆனால் பக்க விரல்களும் மற்ற மான்களுக்கு உள்ளதைவிட நன்றாக வளர்ந்திருக்கும். அந்தக் கால் எலும்பு எவ்வளவு மெல்லியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கொம்பு ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. அதற்குப் பதில் கோரைப்பல். ஆணின் மேல்தாடைக் கோரைப்பற்கள் வளைந்து நீண்டு, உதட்டுக்கு வெளியே சின்னத் தந்தம் போல எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கு அது குட்டையாக உள்ளேயே இருந்துவிடும். ஆண்கள் சண்டை போட்டால் இந்தப் பல்லால்தான் கழுத்திலும் விலாவிலும் கிழிக்கும். உருவத்தைப் பார்த்துச் சாது என்று நினைத்து இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் விட்டால் ஒன்று சாகக்கூடும்.

பெயரில் மான் இருந்தாலும் இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. அசைபோடும் பிராணிகளிலேயே மிகப் பழைய கிளை. மற்ற மான், மாடு, ஆடு எல்லாம் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே தனியாகப் பிரிந்து, அப்போதிருந்த உடலமைப்பைப் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். இதற்கு வேலை செய்வது மூன்றுதான், மூன்றாவதான இலைவயிறு வளரவே இல்லை. அதனால் முற்றிய நார்ப்புல்லை மாடு மாதிரி இதனால் சமாளிக்க முடியாது. மென்மையான, சத்தான தீனிதான் ஆகும். பாலூட்டிகளில் மிகச் சிறிய இரத்தச் சிவப்பணு கொண்டதும் இந்தக் கூட்டம்தான். நமக்கு ஏழெட்டு மைக்ரான் குறுக்களவு என்றால் இதற்கு இரண்டு மைக்ரான் அளவே.

இப்போது நடத்தை. கஞ்சிலின் முதல் ஆயுதம் அசையாமை. ஓட்டம் இரண்டாவதுதான். சருகில் உங்கள் காலடி கேட்டவுடன், எடுத்து வைக்கப்போன முன்னங்காலை அந்தரத்தில் தூக்கியபடியே நின்றுவிடும். காது மட்டும் திரும்பும். நீங்கள் கடந்து போகும் வரை அப்படியே நிற்கும். காட்டில் ஒரு நாள் முழுக்க நடந்து ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்கிறவர்கள், பெரும்பாலும் பலவற்றைக் கடந்துதான் வந்திருப்பார்கள். மிகக் கிட்டத்தில் போய்விட்டால் காலடியிலிருந்து வெடித்ததுபோல் கிளம்பி, வளைந்து வளைந்து ஓடி, பத்துப் பதினைந்து கெஜத்தில் மறுபடி உறைந்துவிடும். ஓட்டத்தைத் தொடர்ந்த கண், நின்ற இடத்தைத் தவறவிடும். அதுதான் அதன் கணக்கு.

கலவரம் முற்றினால் பின்னங்கால்களால் தரையைத் தட்டும். நொடிக்கு நான்கிலிருந்து ஏழு தட்டு, காய்ந்த சருகில் விரலால் தாளம் போட்டது போலக் கேட்கும். மற்ற சருகுமான்களுக்கு அது எச்சரிக்கை. இந்தத் தாளத்தைக் குச்சியால் போட்டுக் கஞ்சிலை வரவழைக்கும் வேட்டைப் பழக்கம் மலாய்க் கம்பங்களில் (கிராமங்களில்) முன்பு இருந்தது. பிடிபட்டால் கீச்சென்று கத்தும். மற்ற நேரத்தில் சத்தமே போடாது. தங்களுக்குள் பேச வாசனையைத்தான் நம்பியிருக்கிறது. கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு சுரப்பி உண்டு. ஆண் அதைக் கிளையிலும் வேரிலும் பெண்ணின் முதுகிலும் தேய்த்து அடையாளம் வைக்கும்.

தண்ணீரும் இதற்கு ஒளிவிடம். மலாக்கா உருவான கதை தெரியும்தானே: பரமேஸ்வராவின் வேட்டை நாயைச் சருகுமான் ஒன்று உதைத்து ஆற்றில் தள்ளியது, அந்தத் துணிவைப் பார்த்து அவர் அங்கே ஊர் அமைத்தார் என்பார்கள். மலாக்கா மாநிலச் சின்னத்தில் அதனால்தான் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. உண்மையில் நாய் துரத்தினால் ஆற்றில் குதிப்பது சருகுமான்தான். 2008-ல் போர்னியோவின் கலிமந்தானில் உயிரின ஆய்வுக்குப் போன குழு, ஓடையில் நீந்திய சருகுமான் ஒன்று தங்களைக் கண்டதும் மூழ்கி, ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை மட்டுமே மூச்சுக்கு மேலே வந்ததைப் பார்த்துப் பதிவு செய்தது. பல முங்கல்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல். இலங்கையில் கீரி துரத்திய சருகுமானும் குளத்தில் இதையே செய்திருக்கிறது. தண்ணீருக்குள்ளும் அதன் தந்திரம் மாறவில்லை பாருங்கள்: அங்கேயும் அசையாமல் கிடக்கிறது.

எப்போது நடமாடும்? இரவுப் பிராணி என்றுதான் நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது: டார்ச் வெளிச்சத்தில் கண் மினுங்குவதால் மனிதர்கள் அதை இரவில்தான் பார்த்தார்கள். சபாவில் செபிலோக் காட்டில் கஞ்சில்களுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்த மட்சுபயாஷி குழுவின் ஆய்வு 2003-ல் வந்தபோது கதை மாறியது. பகலில்தான் அவை நடந்து மேய்கின்றன. மரம் விழுந்து வானம் தெரியும் திட்டுகளில், அடர்ந்த கீழ்ச்செடிகளுக்குள் பகல் போகிறது. இரவில் மேட்டுப் பக்கம் ஏறிப் படுத்துக்கொள்கின்றன. ஒன்றின் நடமாட்ட எல்லை நான்கு முதல் ஆறு ஹெக்டேர்தான். நாப்பு இரவில் கூடுதலாக உலவும். அதனால் காலை வெளுக்கிற நேரத்தில் நீங்கள் பார்த்ததில் அதிசயமில்லை.

தீனி: உதிர்ந்த பழம், மொட்டு, தளிர், காளான். அத்திமரம் பழுத்திருக்கும் நாட்களில் அதன் அடி ஒரு விருந்துக் கூடம். மேலே குரங்கும் இருவாட்சியும் தின்று சிந்துவதைக் கீழே இது பொறுக்கும். மலாய்க் கதைகளில் வரும் சங் கஞ்சில் வெள்ளரித் தோட்டத்தில் புகுந்து திருடும். காட்டோரத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டிருக்கும் இடங்களில் அடித்தளிரைக் கடித்திருப்பதைக் காணலாம், ஆனால் பன்றி செய்வது போன்ற சேதம் இதனால் வராது. கிழங்கைத் தோண்ட இதற்கு மூக்கும் இல்லை, பலமும் இல்லை. கிழங்குப் பாத்தி புரண்டு கிடந்தால் பழியைக் கஞ்சில் மேல் போடாதீர்கள்.

குட்டி விஷயத்துக்கு வருகிறேன். கஞ்சிலின் சினைக்காலம் ஏறக்குறைய நாலரை மாதம், நாப்புவுக்கு ஐந்து மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, இரட்டை அபூர்வம். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் மறுபடி சினைப்பிடிக்கும், அதனால் வளர்ந்த பெண் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சினையாகவே கழிக்கிறது. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். ஆனால் தாயோடு சுற்றாது. தாய் அதை ஒரு வேரிடுக்கிலோ வெட்டிப்போட்ட செம்பனை மட்டை அடுக்கின் ஓரத்திலோ படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். நாளில் சில முறை வந்து, நின்றபடியே ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி விலகிவிடும். தாய் பக்கத்திலேயே நின்றால் அதன் வாசனையும் அசைவும் மலைப்பாம்பையும் காட்டுப்பூனையையும் குட்டியிடம் கூட்டிவரும். தனியாக அசையாமல் கிடக்கும் குட்டிதான் பத்திரமான குட்டி. மூன்று மாதம் வாக்கில் பால் மறக்கும், ஐந்தாறு மாதத்தில் தானே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

தோட்டத்தில் இவை எங்கே இருக்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். சுத்தமாக மருந்து அடித்து, வெறும் தரை தெரிய வைத்திருக்கும் செம்பனை நடுவே சருகுமான் வாழாது. ஒளிய இடம் இல்லாத நிலம் அதற்கு நிலமே இல்லை. தோட்டத்தில் பார்த்ததாகச் சொல்லும் இடங்களை விசாரித்தால், காட்டு எல்லையாக இருக்கும், அல்லது ஆற்றோரம் வெட்டாமல் விட்ட பட்டையாக இருக்கும், அல்லது பராமரிப்பில்லாமல் புதர் மண்டிய பழைய கித்தா (ரப்பர்) காடாக இருக்கும். உங்கள் பக்கத்தில் பாசோ ஒதுக்குக் காடு இருக்கிறது. மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த அந்தக் காடு இவற்றுக்கு நல்ல இருப்பிடம். மரம் வெட்டிய காட்டிலும் இவை பிழைத்திருக்கும், ஆனால் குறைந்துபோகும். சபாவின் உலு செகாமாப் பக்கத்தில் நடந்து 1997-ல் வெளியான ஆய்வு, வெட்டாத காட்டைவிட வெட்டிய காட்டில் சருகுமான்கள் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டியது. ஆகவே உங்கள் தோட்டத்து ஓடைக் கரையில் பத்துப் பதினைந்து கெஜம் பெரணியும் புதரும் விட்டுவைத்திருந்தால், அதை அழுக்கு என்று நினைத்து மருந்தடிக்காமல் இருப்பதே இந்தப் பிராணிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து.

இருக்கிறதா என்று உறுதி செய்ய, தேடி ஓடாதீர்கள், தரையைப் படியுங்கள். மழை விட்ட மறுநாள் காலை, காட்டோர வடிகாலின் சேற்றைப் பாருங்கள். இரண்டு ஒடுங்கிய கூர்விரல்கள் பதிந்த குளம்புத் தடம், இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் அது கஞ்சிலாகத்தான் இருக்கும். தடத்தின் பக்கத்தில் ஒரு பத்து சென் காசை வைத்துப் படம் எடுங்கள். 2012 முதல் புழங்கும் காசு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் அகலம், அதுவே அளவுகோல். காசைவிடத் தெளிவாகப் பெரிய தடம் நாப்புவாகவோ கேளையாட்டுக் குட்டியாகவோ இருக்கலாம். பன்றிக் குட்டியின் தடம் மழுங்கி, பின்விரல்கள் இரு பக்கமும் அகன்று பதிந்திருக்கும். புழுக்கை ஆட்டுப் புழுக்கையைப் போலவே, அதைவிடச் சின்னதாக, குவியலாகக் கிடக்கும். புதரின் அடியில் முழங்கால் உயரத்துக்கும் கீழே குகைபோல் ஒரு வழி தேய்ந்திருந்தால் அது தினசரிப் பாதை.

தானியங்கிக் கேமரா வைக்க நினைக்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இடுப்பு உயரத்தில் கட்டுவது. அதில் பன்றியும் கேளையாடும் விழும், கஞ்சில் அடியில் புகுந்து போய்விடும். தரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், பாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தரைச் சரிவுக்கு இணையாகக் கட்டுங்கள். கேமராவுக்கு முன்னால் ஆடும் புல்லையும் பெரணி இலையையும் மட்டும் அகற்றுங்கள், இல்லாவிட்டால் வெயில் பட்டுக் காற்றில் ஆடும் இலையே நூற்றுக்கணக்கில் படமாகும். அதற்காகப் பாதையையே வெட்டிச் சுத்தம் செய்தால் கஞ்சில் அந்த வழியைக் கைவிட்டுவிடும். ஒதுக்குக் காட்டுக்குள் வைப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், தோட்ட எல்லைக்குள் என்றால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வியட்நாமில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதோ என்று நினைத்த வெள்ளிமுதுகுச் சருகுமானை, 2019-ல் உலகுக்குக் காட்டியதும் இப்படித் தாழ்வாகக் காத்திருந்த கேமராக்கள்தான்.

ஆபத்துகளில் காட்டுப்பூனையையும் மலைப்பாம்பையும் நான் சேர்க்கவில்லை, அது காட்டின் வழக்கம். நம்மால் வருவது மூன்று. கண்ணி, நாய், வண்டி. பன்றிக்கு என்று போடும் கம்பிக் கண்ணிக்கு எது மாட்டுகிறது என்று தெரியாது. கஞ்சிலின் கால் அதில் சிக்கினால் ஒரு துள்ளலில் எலும்பு முறியும். சருகுமான் கண்ணியை மறக்கும், கண்ணி சருகுமானை மறக்காது என்று மலாயில் ஒரு பழமொழியே உண்டு. தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட நாய்கள் இன்னும் மோசம். அசையாமல் கிடப்பது கண்ணை ஏமாற்றும், மோப்பத்தை ஏமாற்றாது. காட்டோர லயங்களில் இரவிலும் விடியற்காலையிலும் நாயைக் கட்டிவைப்பது ஒரு வேலையே இல்லை, ஆனால் பலன் பெரிது. வண்டி விளக்கைக் கண்டால் ஓடாமல் நடுவழியில் உறைவதும் அதே குணத்தால்தான். விளக்கைத் தாழ்த்தி, வண்டியை நிறுத்தி, சில நொடி பொறுத்தால் தானே போகும். ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

வளர்க்கலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில்: தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 716-ன்கீழ், கஞ்சிலும் நாப்புவும் பாதுகாக்கப்பட்டவை. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது, வைத்திருப்பது, இறைச்சி விற்பது எல்லாம் குற்றம். கண்ணி வைப்பதும் தனிக் குற்றம். சட்டத்தை விடுங்கள், பிராணியின் உடம்பே வேண்டாம் என்கிறது. கோழிக்கூண்டில் அடைத்தால், ஆள் வந்த சத்தத்துக்கே துள்ளிக் கம்பியில் மூக்கையும் நெற்றியையும் மோதிக்கொள்ளும், கம்பிக் கண்ணுக்குள் கால் போய் முறியும். கையில் பிடித்துத் தடவினால் அடங்கிப் படுத்திருக்கும். அதைப் பழகிவிட்டது என்று நினைப்பார்கள். அது பழக்கமில்லை, பயத்தில் உறைவது. பிடித்து இழுத்துத் துரத்திய அலைச்சலில் தசை நலிந்து, காயம் எதுவும் தெரியாமலே ஓரிரு நாளில் செத்துப்போவது குளம்புள்ள காட்டுப் பிராணிகளுக்கு நன்கு தெரிந்த கேடு. கஞ்சிலுக்கு அது சீக்கிரம் வரும்.

அடிபட்ட பெரிய கஞ்சில் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். ஒரு துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போர்த்துங்கள், கண் மறைந்தால் துடிப்பு குறையும். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். உடம்பை அடியிலிருந்து இரண்டு கையாலும் தாங்கி, கால்கள் மடங்கிய நிலையில் எடுங்கள். ஆணாக இருந்தால் கோரைப்பல் கையைக் கிழிக்கும், துண்டு இல்லாமல் வாய்ப் பக்கம் கை போகக் கூடாது. மூடியுள்ள அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு ஏழெட்டு ஓட்டை, அடியில் வழுக்காத சாக்கு. இருட்டான, சத்தமில்லாத, வெயில் படாத இடம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். படம் எடுக்க மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கும் வரை வேறெதுவும் செய்யாதீர்கள்.

நீங்கள் கண்ட குட்டிக்கு இதுகூட வேண்டாம். இருபது அடி தள்ளி நின்று ஒரு முறை பாருங்கள். ஈ மொய்க்கவில்லை, எறும்பு ஏறவில்லை, இரத்தம் இல்லை, கண் திறந்து அசையாமல் இருக்கிறது என்றால் நலமாக இருக்கிறது. இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, அன்றைக்கு அந்த நிரையில் குலை வெட்டுகிறவர்களிடமும் மருந்தடிக்கிறவர்களிடமும் சொல்லி, அந்த மட்டை அடுக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கூட்டம் கூடி நின்றால் தாய் வராது. மறுநாள் பார்த்தால் பெரும்பாலும் குட்டி அங்கே இருக்காது, தாய் இடம் மாற்றியிருக்கும். பக்கத்தில் தாய் செத்துக் கிடந்தாலோ, குட்டி விடாமல் கத்திக்கொண்டு தள்ளாடி அலைந்தாலோ மட்டும்தான் எடுக்க வேண்டும். அப்போதும் மேலே சொன்ன பெட்டி முறைதான். டப்பாப் பாலும் மாட்டுப் பாலும் கொடுத்தால் வயிற்றுப்போக்கு பிடித்துப் பசியைவிட வேகமாகக் கொன்றுவிடும், அதனால் ஒன்றும் கொடுக்காமல் அதே நாளில் அதிகாரிகளிடம் சேருங்கள்.

இதைப் படிப்பதற்குள் யாராவது பாவம் பார்த்துக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றால், இன்னும் நேரம் இருக்கிறது. தாய் தான் வைத்த இடத்துக்குத் திரும்பி வந்து தேடும். இருட்டுவதற்குள் கொண்டுபோய், எடுத்த அதே மட்டையின் கீழ், தலை உள்பக்கமாக இருக்கும்படி படுக்க வையுங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். வைத்தவுடன் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள், மறைவில் நின்று தாய் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். நீங்கள் அங்கே இருக்கும் வரை அது வராது.